சுருளின் கண்

உங்கள் தலைக்கு மேலே மாட்டியிருக்கும் கடிகாரம் லேசாக இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, சார். குறை சொல்லவில்லை. வந்து உட்கார்ந்ததிலிருந்து கண் அங்கேயே போகிறது. எழுந்து நேராக்கினால் நிம்மதியாகப் பேசுவேன். உட்காரச் சொல்லியிருக்கிறீர்கள், அதனால் உட்கார்ந்தே சொல்கிறேன்.

நான் கேமராமேன். படப்பிடிப்புத் தளத்தில் முதுகுக்குப் பின்னால் என்னை ‘காம்பஸ்’ என்பார்கள். யார் என்ன கதை சொன்னாலும் முதலில் ஒரு வட்டமோ முக்கோணமோ போட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஒரு வீட்டில் மூன்று பேர் முறைத்துக்கொண்டால் முக்கோணம். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளவில்லை என்றால் நடுவே ஒரு செங்குத்துக் கோடு. கதவு நிலை போதும். தப்பிக்க வழியில்லாதவனுக்குச் சுருள். பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் உள்ளுக்குள் வேலை செய்யும்.

நான் எடுத்த இரண்டு படங்கள் ஊற்றிக்கொண்டன. அப்புறம் டிவி சீரியல்தான். அங்கே இருப்பது ஒரே வடிவம், சதுரம். இந்தச் சதுரத்தில் ஒரு முகம் அழும், அடுத்த சதுரத்தில் இன்னொரு முகம் அதைப் பார்த்து அதிரும். வருடக்கணக்கில் அதையே எடுத்தேன். இப்படியே கண்ணை மூடிவிடுவோமோ என்று காலையில் பல் தேய்க்கும்போதெல்லாம் பயம் வரும். அந்த நேரத்தில்தான் இந்தப் படம் வந்தது. இதுவும் கெட்டால் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

படத்தின் உயிரே ஒரு ஷாட்தான். சுழல் படிக்கட்டின் உச்சியிலிருந்து நாயகன் விழுகிறான். கேமரா மேலேயிருந்து நேராகக் கீழே பார்க்கிறது. கைப்பிடிக் கம்பி சுற்றிச் சுற்றிச் சின்னதாகிக்கொண்டே போய் ஒரு புள்ளியில் முடியும். அதைச் சுருளின் கண் என்பேன். அவன் அந்தக் கண்ணில் போய் விழ வேண்டும். இயக்குநரிடம் காகிதத்தில் வரைந்து காட்டியபோது அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

அரங்கத்தின் தரையைப் பலகையால் உயர்த்திப் போட்டார்கள். அதில் ஒரு குழி வெட்டி, மெத்தையை உள்ளே இறக்கி, தரை முழுக்க கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியை விரித்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் எது தரை, எது மெத்தை என்று தெரியாது. கேமராவுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகச் செய்தது. கேமராவுக்குத் தெரியாதது குதிக்கிறவனுக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் கைப்பிடியில் ஒட்டிய சிவப்பு டேப் மட்டும்தான். டேப்புக்கு நேர் கீழே மெத்தை. ஸ்டண்ட் மாஸ்டர் காலையில் டேப்பிலிருந்து குண்டு கட்டிய நூல் விட்டுப் பார்த்தார், மணல் மூட்டையைப் போட்டும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

நாயகனுக்குப் பதிலாகக் குதிக்கிறவன் என் மச்சினன். என் மனைவிக்கு ஒரே தம்பி. சும்மா ஊர் சுற்றிக்கொண்டிருந்தவனை அவள் நச்சரிப்புத் தாங்காமல் நான்தான் மாஸ்டரிடம் சேர்த்துவிட்டேன். நல்ல பையன். சாப்பிடும்போது நிறையப் பேசுவான்.

சாப்பாட்டு இடைவேளையில் தனியாக மேலே ஏறி லென்ஸில் கண்ணை வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது. குழி எங்கே வெட்ட வேண்டும் என்று வரைந்து கொடுத்தது நான். வட்டத்தின் மையத்தைக் குறித்திருந்தேன். ஆனால் சுருளின் கண் வட்டத்தின் மையத்தில் இருக்காது, ஒதுங்கித்தான் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற தப்பு. காம்பஸ் என்று பேர் வாங்கிய நான் செய்தேன். அவன் டேப்பிலிருந்து குதித்தால் மெத்தையில்தான் விழுவான், ஆனால் படத்தில் அது கண்ணுக்கு வெளியே, ஒன்றுமில்லாத இடமாகத் தெரியும். அந்த ஷாட் குப்பை.

இயக்குநரிடம் சொல்லியிருக்கலாம். தரையைப் பிரித்துப் புதுக் குழி வெட்டியிருப்பார்கள். வரைந்தது யார் என்று தயாரிப்பாளர் கேட்டிருப்பார். அடுத்த நாள் என் நாற்காலியில் வேறு ஒருவன் உட்கார்ந்திருப்பான். நான் மறுபடியும் சதுரத்துக்குப் போயிருப்பேன். எனக்கு அழுகை வந்தது, சார். கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு டேப்பைப் பிய்த்து, கைப்பிடியில் இரண்டு கை நீளம் தள்ளி, சுருளின் கண்ணுக்கு நேராக ஒட்டினேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்த மாஸ்டர், இன்னொரு தடவை நூல் விட்டுப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். நானே பார்த்துவிட்டேன் என்றேன். மச்சினன் உச்சியில் ஏறி நின்றான். டேப்பைப் பார்த்தான், கீழே பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“மாமா, காலையில டேப் அந்தப் பக்கம் இருந்த மாதிரி இருந்துச்சே?”

“சுருள்ல நின்னு பார்த்தா அப்படித்தான்டா தெரியும்.”

“நீங்க சொன்னா சரி மாமா. எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்.”

சிரித்துக்கொண்டேதான் கையை விட்டான்.

மெத்தையின் ஓரமாவது அவனைத் தாங்கும், மிஞ்சிப்போனால் ஒரு கால் உடையும், கால் உடைந்தால் கூடும் என்று கணக்குப் போட்டுத்தான் டேப்பை நகர்த்தினேன். முதலில் உங்கள் உதவியாளரிடம் அப்படித்தான் சொன்னேன், எழுதிக்கொண்டார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு நான் பிறகு போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வண்டியில் போட்டது. டேப்பை ஒட்டும்போது சுருளின் கண்ணைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன்.

சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓடினார்கள். நான் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட் சொல்ல வேண்டிய இயக்குநரும் ஓடிவிட்டதால் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. ஓடி வந்தவர்கள் அவனைச் சுற்றிக் குனிவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி கிடைத்தது. அப்போது சுருளின் கண்ணில் அவனைத் தவிர யாரும் இல்லை.

என் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“குதிக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதாவது கேட்டானா?”

இல்லை என்றேன். தம்பி பயமில்லாமல் போயிருக்கிறான் என்று நினைத்து அவள் தலையை ஆட்டினாள். அந்த நிம்மதியை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை, சார்.

கையெழுத்துப் போடுகிறேன். டேப்பை நகர்த்தியது நான். கீழே மெத்தை இல்லை என்று தெரிந்தே நகர்த்தினேன். அவன் கேட்டபோது தெரிந்தே பொய் சொன்னேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை, மாஸ்டரை விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஷாட்டை கோர்ட்டில் போட்டுக் காட்டுவீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஏதாவது சின்னத் திரையில் போட்டு ஓரங்களை வெட்டிவிடப் போகிறார்கள், முழுதாகக் காட்டச் சொல்லுங்கள். ஓரம் போனால் சுருள் போய்விடும். அப்புறம் பார்க்கிறவர்களுக்கு ஒரு பையன் தரையில் செத்துக் கிடப்பது மட்டும்தான் தெரியும்.