வியாழக்கிழமைக் கப்சூல்கள்

டொக்டர் செபநாயகத்தின் எழுத்தை மானிப்பாயில் என்னைத் தவிர வேறு யாராலும் வாசிக்க முடியாது. அவருடைய டிஸ்பென்சரியில் மூன்று வருடங்களாக மருந்து எண்ணிக் கொடுக்கிறேன். பெரிய போத்தல்களிலிருந்து குளிசைகளை எடுத்துச் சின்னக் கடதாசி உறைகளில் போட்டு, மேலே பெயரும் நேரமும் எழுதி யன்னலால் நீட்டுவேன். யன்னல் சின்னது. வெளியே நிற்பவர்களுக்கு என் கை மட்டும்தான் தெரியும். அது எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அதனால்தான் தரம் பத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டேன்.

உறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்கிறது என்று எல்லோரும் நம்புவார்கள். இதுவரை ஒருவரும் பிரித்துப் பார்த்துக் கேட்டதில்லை.

போன தை மாதம் வினோஜா தொண்டை நோவோடு வந்தாள். பதினொரு வயது. அவளுடைய தாய் பராசக்தி அன்ரி யாழ்ப்பாணத்தில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறா. வியாழக்கிழமைகளில்தான் லீவு. தாய் டொக்டரோடு கதைத்துக்கொண்டிருக்க, வினோஜா என் யன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு வாய் இருக்கோ? இல்லாட்டி அதுக்கும் டொக்டர் துண்டு எழுதித் தரோணுமோ?"

நான் சிரித்தேன். அவள் தன் வகுப்பைப் பற்றி, வலைப்பந்து அணியில் தன்னைச் சேர்க்காத ரீச்சரைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி எல்லாம் சொன்னாள். என் பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. பத்து நிமிடம் கதைத்திருப்பாள். அவ்வளவு நேரம் என்னோடு யாரும் கதைத்ததில்லை.

அடுத்த வியாழன் சுகமாகி வந்தாள். "இனி வரமாட்டன் அக்கா, எல்லாம் மாறிப் போச்சு" என்று சந்தோசமாகச் சொன்னாள். டொக்டர் விற்றமின் மட்டும் எழுதியிருந்தார். விற்றமின் கப்சூல் முழுச் சிவப்பு. அன்ரிபயோற்றிக் கப்சூல் பாதி சிவப்பு, பாதி மஞ்சள். இரண்டும் ஒரே அளவு. நான் பாதி மஞ்சளை எண்ணிப் போட்டு, உறையில் விற்றமின் என்று எழுதினேன். யன்னலால் நீட்டினேன்.

அது நஞ்சு இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அதே மருந்தை அதே வயதுப் பிள்ளைகளுக்கு டொக்டரே எழுதுகிறார். ஒரு நாளைக்கு உரிய அளவுக்கு மேல் நான் ஒருபோதும் கொடுக்கவில்லை.

அவளுக்கு வயிற்றோட்டம் வந்தது. வியாழக்கிழமை வந்தாள். பிறகு வயிற்று ஊதல், பசியின்மை. ஒவ்வொரு வியாழனும் வந்தாள். டொக்டர் ஒவ்வொரு முறையும் வயிற்றுக்கு ஏதாவது எழுதி, கடைசியில் விற்றமினும் எழுதுவார். அவள் யன்னலடியில் நின்று அந்தக் கிழமை நடந்ததெல்லாம் சொல்வாள். மருந்து முடிந்தால் வாங்கிவைப்பது என் வேலை. டொக்டர் போத்தல்களைப் பார்ப்பதில்லை.

ஐந்தாம் மாதம் பராசக்தி அன்ரி பொறுமையிழந்தா. யன்னலுக்கு இப்பால் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"டொக்டர், ஒரு நல்ல அன்ரிபயோற்றிக்காத் தாங்கோவன். பிள்ளை மெலிஞ்சு தும்பாப் போறாள்."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் அன்ரிபயோற்றிக்தான். வயித்துக்குள்ளை கோடிக்கணக்கிலை கிருமியள் இருக்கு, அம்மா. எல்லாம் கெட்டதில்லை. சாப்பாட்டிலை இருக்கிற சத்து எலும்புக்குப் போறதிலை அதுகளுக்கும் பங்கு இருக்காம். கண்டபடி மருந்தைக் குடுத்தா நல்லதும் சேர்ந்து செத்துப்போம். வளர்ற வயசு எலிக்குக் குடுத்துப் பார்த்திருக்கினம். எலும்பு லேசா முறிஞ்சுதாம்."

"எலிக்குத்தானே டொக்டர்?"

"ஓம், எலிக்குத்தான். மனிசரிலை இன்னும் வடிவாத் தெரியாது. எண்டாலும் என்னத்துக்கு? தயிர் குடுங்கோ."

மனிதரில் தெரியாது என்று அவர்தான் சொன்னார். அதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் சிவப்புக் கப்சூல்களைத்தான் போட்டேன். அதற்கு அடுத்த வியாழனும் அதற்கு அடுத்த வியாழனும் வினோஜா வரவில்லை. மூன்றாம் வியாழன், தாய்க்குப் பிறசர் பார்க்க வந்தார்கள். வினோஜாவின் கன்னம் நிரம்பியிருந்தது. வலைப்பந்து அணியில் சேர்ந்துவிட்டாளாம். "என்னக்கா, சுகமோ?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் வெளியே சைக்கிளோடு நின்ற சிநேகிதியிடம் ஓடிவிட்டாள். பராசக்தி அன்ரி, பிள்ளையின் விற்றமின் முடிந்துவிட்டது என்று டொக்டரிடம் கேட்டு எழுதுவித்தா.

நான் பாதி மஞ்சளை எண்ணினேன். முதல் ஐந்து மாதமும் எலும்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லலாம். இந்த முறை தெரிந்துதான் எண்ணினேன்.

ஆவணியில், நிறுத்தியிருந்த சைக்கிளில் ஏறி இருந்தவள் சரிந்து விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு யன்னலுக்குள் கையை நீட்டி, "அக்கா, உங்கடை வடிவான எழுத்திலை என்ரை பேரை எழுதிவிடுங்கோ" என்றாள். எழுதினேன். அவளுடைய விரல்கள் என் கையில் பட்டுக்கொண்டிருந்தன. அந்த வருடத்தில் அதுதான் நல்ல நாள்.

கார்த்திகையில் பஸ்ஸின் கடைசிப் படியிலிருந்து இறங்கியபோது கால் முறிந்தது. யாரும் தள்ளவில்லை, சறுக்கவும் இல்லை. இறங்கினாள், அவ்வளவுதான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அங்கே பல கேள்விகள் கேட்டார்கள். பரம்பரையில் யாருக்காவது இப்படி எலும்பு முறிந்ததா, பால் குடிப்பாளா, என்னென்ன மருந்து எடுக்கிறாள். பராசக்தி அன்ரி கைப்பையிலிருந்து ஒரு வெறும் உறையை எடுத்துக் காட்டினா. அங்கிருந்த இளம் டொக்டர் வாசித்தார். விற்றமின், காலை ஒன்று, இரவு ஒன்று. "நல்லது, தொடர்ந்து குடுங்கோ" என்று திருப்பிக் கொடுத்தார்.

"பால்மா விலை எண்டு வெறும் பிளேன்ரீயைத்தானே குடுத்தனான். நானெல்லோ என்ரை பிள்ளையை முறிச்சுப்போட்டன்" என்று பராசக்தி அன்ரி வார்ட் வாசலில் இருந்து அழுதா.

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை, அன்ரி" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

கடையில் லீவு தரமாட்டார்கள் என்பதால், பகலில் பிள்ளையோடு நிற்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் நிற்கிறேன் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. டொக்டர் செபநாயகம் உடனே விட்டார். "உன்னைப்போல பிள்ளையள் இப்ப எங்கை இருக்கினம்" என்றார்.

இரண்டு கிழமையாக அவளோடு இருக்கிறேன். தலை வாரி இழுத்து விடுகிறேன், மேல் துடைத்து விடுகிறேன். இங்கே அவளுக்கு வயிற்றில் ஒரு குறையும் இல்லை. பாண் இரண்டு துண்டு கேட்டுச் சாப்பிடுகிறாள். எலும்பு பொருந்தி வருகிறதாம். வெள்ளிக்கிழமை போகலாம் என்று துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள்.

"இனி உங்கடை குளிசைக் கடைப் பக்கமே தலை வைச்சுப் படுக்கமாட்டன்" என்றாள் நேற்று. "நீங்கள்தான் எங்கடை வீட்டை வரோணும். அம்மா புட்டு அவிச்சுத் தருவா. வருவீங்களோ அக்கா?"

"ஓம்" என்றேன்.

ஆனால் என்னால் போக முடியாது. கேற்றடியில் நின்று கூப்பிட வேண்டும். யார் பிள்ளை என்று கேட்பார்கள். இருக்கச் சொல்வார்கள், எல்லோரும் பார்ப்பார்கள். நடக்க முடியாத பிள்ளைதான் என்றாலும், ஓட்டோவில் ஏற்றி அவளை என்னிடம் கொண்டுவருவது அதைவிட எவ்வளவோ சுலபம். யோசித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் அதுதான் நல்லது.

இங்கே மத்தியானக் குளிசைகளை நேர்ஸ் என் கையில் தந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவா. இன்றைக்கு அவற்றோடு, டிஸ்பென்சரியிலிருந்து எடுத்துவந்த பாதி மஞ்சள் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். வினோஜா என்னவென்று கேட்கவில்லை. என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்து, நல்ல பிள்ளையாக விழுங்கினாள்.