நயினார் கேமராவுக்கு நான் போட்ட விலை

பழைய கேமராவை முதலில் மூக்கால்தான் பார்க்க வேண்டும். தோல் உறையைத் திறந்ததும் ஈரப் பாய் வாசனை வந்தால் லென்ஸுக்குள் ஃபங்கஸ் குடியேறிவிட்டது என்று அர்த்தம். திருவனந்தபுரத்து மழையில் மனிதர்களுக்கே பூஞ்சை பிடிக்கிறது, கண்ணாடிக்குப் பிடிக்காதா. மூக்குக்குப் பிறகு காது. ஷட்டரைக் காதருகே வைத்து ஒரு செகண்ட், அரை செகண்ட், கால் செகண்ட் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு வேலை கடைசியில்தான். விசாரணைக் கமிட்டிக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் சொல்லவில்லை. முப்பத்திமூன்று வருஷம் அரசாங்கத்தில் கணக்குத் தணிக்கை பார்த்தவன். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம்.

ரத்னாபாய் டீச்சர், மினிட்ஸில் என் பெயரைத் தாணுமாலையன் என்று மட்டும் எழுதினால் போதும். 'ஸ்தாபகச் செயலாளர்' என்று சேர்த்துக்கொண்டாலும் ஆட்சேபணை இல்லை.

மாடம்மாள் கொடுத்த மனுவில் "எங்க கேமராவ வச்சு எங்கள ஏமாத்திட்டாரு" என்று ஒரே ஒரு வரி. அதை நீங்கள் மூன்று பேரும் இரண்டு கூட்டம் போட்டு ஆராய்ந்து, நான் அவள் புருஷன் நயினாரின் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவுக்கு வேண்டுமென்றே குறைந்த விலை போட்டேன் என்று குற்றப்பத்திரிகை தயாரித்திருக்கிறீர்கள். முப்பத்திரண்டாயிரத்துக்கு வாங்கிய ஜெயகுமார் அதைக் கோவளத்தில் ஒரு வெள்ளைக்காரனுக்கு அறுபதுக்கு விற்றுவிட்டாராம். வெள்ளைக்காரன் இளநீருக்கே நூறு ரூபாய் கொடுக்கிறவன். அதை வைத்து விலை பேசலாமா?

விதி உங்களுக்குத் தெரியும். கரமனை கேமரா கிளப்பில் யார் பழைய கேமராவை விற்பதானாலும் அதை முதலில் என்னிடம் ஒப்படைக்க வேண்டும். நான் ஒரு ரோல் போட்டு எடுத்து, கழுவி, பிரிண்ட் பார்த்து, விலைச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். சீட்டு வரும்வரை வாங்குகிறவரும் விற்கிறவரும் ரூபாயைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. 1991இல் நான் கொண்டுவந்த விதி. "சார் பறஞ்ஞா பின்னெ வேற வில இல்லல்லோ" என்று, நான் சொன்னதற்கு மேல் வேறு விலை கிடையாது என்று, ஜெயகுமாரே பொதுக்குழுவில் எழுந்து நின்று மலையாளத்தில் சொன்னார். எல்லோரும் கை தட்டினீர்கள்.

ஆறுமுகநயினாரைப் பற்றி இரண்டு வார்த்தை. சாலைக் கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், கல்யாணம், கருமாதி. சிறு வயதில் கிட்டிப்புள் பட்டு ஒரு கண் போனது. "கேமராவுக்கு ஒரு கண்ணு போதும்லா அண்ணாச்சி" என்பான். நம் கிளப்பில் முப்பத்தோரு பேர். முப்பது பேர் கலைஞர்கள். அவன் ஒருவன்தான் போட்டோகிராஃபர். சந்தா ஒழுங்காகக் கட்டினான் என்பதால் வைத்திருந்தோம்.

2000 டிசம்பரில் போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போனோமே, அதை வெங்கடசுப்ரமணியன் சார் மறந்திருக்க மாட்டார். அவர் டிரைபாடைத் தூக்க இரண்டு கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். நான் 'தனிமை' வரிசையில் ஒன்பதாவது படத்துக்காக ஒரு பட்ட மரத்தின் முன்னால் பனி விலகட்டும் என்று மூன்று மணி நேரம் நின்றேன். அந்த நேரத்தில் என் மனைவி சிவகாமியம்மாளின் காலில் ஒரு அட்டை ஏறியிருக்கிறது. அவள் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நொண்டியடித்துச் சிரித்திருக்கிறாள். நயினார் அதை எடுத்துவிட்டான்.

கண்காட்சிக்கு அனுப்பும் படிவத்தில் தலைப்பு கேட்டிருந்தது. 'அட்டை' என்று எழுதிக் கொடுத்தான். முதல் பரிசு. 'தனிமை-9'க்கு ஆறுதல் பரிசு.

பரிசைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. என் மனைவியை நான் முப்பத்தோரு வருஷமாகப் படம் எடுக்கிறேன். நானூறு படம் இருக்கும். எல்லாவற்றிலும் அடையாள அட்டைக்கு நிற்பது போல நிற்பாள். "மூச்சு விடலாமா?" என்று நடுவில் கேட்பாள். அவளுக்கு மேல்வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பியிருக்கிறது என்பதை நான் அந்தக் கண்காட்சியில், நூறு பேரோடு நின்றுதான் தெரிந்துகொண்டேன். பிரிண்டை நயினார் காசு வாங்காமல் கொடுத்தான். அவள் அதைப் பூஜையறைக்கு வெளியே மாட்டச் சொன்னாள். ஆணி அடித்தது நான்தான். மட்டம் பார்த்துத்தான் அடித்தேன்.

அடுத்த வருஷம் ஜூலை மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு நயினார் வந்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு படியேறினான்.

"அண்ணாச்சி, கண்ணுக்குள்ள கீழேருந்து ஒரு கறுப்புத் திரை ஏறுது. உள்ள சவ்வு உரியுதாம். ஒரு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும்னுட்டாரு டாக்டர். நடுவுல வரைக்கும் ஏறிட்டுன்னா பொறவு பண்ணியும் பிரயோஜனம் இல்லையாம்."

முன்பணம் கட்டினால்தான் ஆஸ்பத்திரியில் தேதி கொடுப்பார்கள். கேட்ட இடத்திலெல்லாம் ஆயிரம் இரண்டாயிரம்தான் புரண்டது. ஒரு கடைக்காரன் ரோலிஃப்ளெக்ஸுக்கு நாலாயிரம் தருகிறேன் என்றானாம், பழைய இரும்புக்குச் சொல்வது போல. என் சீட்டு மட்டும் கையில் இருந்தால் ஜெயகுமார் அன்றைக்கே ரொக்கமாகத் தரத் தயார்.

"ஒரு ரோல் போட்டுப் பாக்கணுமே நயினாரே," என்றேன்.

"பின்ன? நீங்க பாக்காம சீட்டு குடுத்தா கேமராவுக்குல்லா மரியாத கொறச்சல்."

அவன் படியிறங்கத் தொடங்கியதும் மூக்கு. வாசனை இல்லை. காது. எல்லா வேகமும் சுத்தம். பிறகு பன்னிரண்டு படம் எடுக்கும் ரோல் ஒன்றைப் போட்டேன்.

ரோலிஃப்ளெக்ஸில் எதிராளியைப் பார்க்க வேண்டியதில்லை. வயிற்றருகே வைத்து, குனிந்து, மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். எதிரே நிற்கிறவருக்கு நாம் அவரைக் கும்பிடுவது போல இருக்கும். அதனால்தான் அவனிடம் எல்லோரும் சிரிக்கிறார்கள் போலும் என்று தோன்றியது. சிவகாமியம்மாளைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு நாளைக்கு ஒரு படம் என்று முடிவு செய்தது அப்போதுதான். மழைக்கால வெளிச்சம் நாளுக்கு நாள் மாறும். பல வெளிச்சத்தில் சோதிப்பது நல்ல நடைமுறை. மூன்றாம் நாள் பத்து நிமிஷம் நல்ல வெயில் அடித்தது. நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் அவள் கேட்டாள்: "இன்னுமா குடுக்கல? அவருக்குக் கண்ணுல்லா?"

அவருக்கு. நான் நாற்பது வருஷம் கண்ணாடி போட்டவன். என் கண்ணைப் பற்றி அவள் விசாரித்ததாக ஞாபகம் இல்லை. அன்றைக்கு மிச்சப் படங்களை எடுத்துத் தீர்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் கேட்டதால் விட்டுவிட்டேன். ஒருவர் சிபாரிசு செய்தார் என்பதற்காக நடைமுறையை மாற்றினால் அது தணிக்கை அல்ல.

ஒன்பதாம் நாள் மாடம்மாள் டெலிஃபோன் பூத்திலிருந்து பேசினாள். "அண்ணாச்சி, சோத்துல கெடக்க கறிவேப்பிலைய எடுக்கத் தடவுதாரு." மழை என்றேன். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. தயவுசெய்து நான் பொய் சொன்னதாக எழுத வேண்டாம்.

பன்னிரண்டாம் நாள் சிவகாமியம்மாள் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். "வேணும்னா நாற்காலிய மட்டும் எடுத்துக்கிடுங்க." எடுத்தேன். பிரிண்ட் இதோ இருக்கிறது, பாருங்கள். பிரம்பு ஒவ்வொரு இழையையும் எண்ணலாம். அப்படி ஒரு லென்ஸ்.

அன்று மாலையே சீட்டைக் கொடுத்தேன். ஜெயகுமார் பணத்தைக் கொடுத்தார். ஆபரேஷனும் நடந்தது. இப்போது வெளிச்சம் தெரிகிறதாம், உருவம் தெரியவில்லையாம். ஸ்டுடியோவில் செல்ஃபோன் கவர் விற்கிறார்கள். என் மனைவி வடிவீஸ்வரத்தில் தங்கை வீட்டில் இருக்கிறாள். போகும்போது அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு போனாள். ஆணியை நான் பிடுங்கவில்லை.

இதெல்லாம் உங்கள் குற்றப்பத்திரிகையில் இல்லை. நீங்கள் கேட்டது விலையைப் பற்றி. விலையில் நான் தவறு செய்தேன் என்று ஒரு கமிட்டி எழுதிவைப்பதை என்னால் பொறுக்க முடியாது. அதனால்தான் அசல் சீட்டையே கொண்டுவந்திருக்கிறேன். ஜெயகுமாரிடம் கேட்டு வாங்கினேன். வெங்கடசுப்ரமணியன் சார், உங்கள் பூதக்கண்ணாடியை எடுங்கள்.

தேதியைப் பாருங்கள். ஜூலை 14 என்று இருக்கிறது. அதற்கு அடியில் சுரண்டிய தடம் தெரிகிறதா? அங்கே இருந்தது ஜூலை 3. நயினார் என் வீட்டு வாசல் கேட்டைத் தாண்டுவதற்குள் எழுதியது. மூக்கும் காதும் போதும் எனக்கு. ரோல் போடுவதெல்லாம் நாலு பேர் நம்புவதற்காக. சீட்டை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பதினொரு நாள் அது அங்கேதான் இருந்தது. அவன் கண்ணுக்கு எத்தனை நாள் அவகாசம் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் காலண்டரில் தாளைக் கிழித்தது நான்தான்.

இப்போது விலையைப் பாருங்கள். முப்பத்திரண்டாயிரம். அதில் ஒரு சுரண்டல் உண்டா, ஒரு திருத்தல் உண்டா? முதல் நாள் எழுதியது கடைசி நாள் வரை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. நான் நியாயஸ்தன் என்பதற்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் உங்களுக்கு?