குழாய் சொட்டும் காட்சி

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. போலீஸ் ஸ்டேஷன் டீ கழுநீர் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்தேன். மிஷின் கோளாறினால் பல்பு வெடித்து ஆப்பரேட்டர் பிரகாசம் இறந்துபோனான் என்று இருக்கிறது. அதற்கு எனக்குச் சம்மதமில்லை. ஸ்ரீ அலமேலு தியேட்டரில் படம் ஓட்டும் மிஷின் இரண்டையும் பராமரிப்பவன் நான், பிரகாசத்தோடு சேர்ந்து ஓட்டுபவனும் நான்தான். கோளாறு என்று நாளைக்குப் பேப்பரில் வந்தால், உத்தமன் என்று ஒருவன் இத்தனை வருஷம் அங்கே என்ன கிழித்தான் என்றுதானே கேட்பார்கள்? மிஷின் நன்றாகத்தான் இருந்தது.

பிரகாசத்தின் மேல் எனக்குக் கோபதாபம் எதுவும் கிடையாது. கலகலப்பானவன், குடிக்க மாட்டான். திருமழிசையில் வீடு. அவன் மனைவி ரோஸி ஆவடியில் ராணுவ ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். கிறிஸ்துமஸ் வந்தால் எனக்கென்று ஒரு தூக்கு நிறைய கல்கல் பலகாரம் கொடுத்தனுப்புவாள். அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அவளுக்கு நிறைமாதம்.

அவனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் கத்தரி. எங்கள் பக்கத்துத் தியேட்டர்களில் இது புதிதில்லை. இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். அதனால் ஆப்பரேட்டர்கள் படத்தில் அங்கங்கே கொஞ்சம் வெட்டி எடுத்துவிடுவார்கள். முதலில் பாட்டு போகும், பிறகு சிரிப்புக் காட்சி போகும். நகரத்தில் ஏற்கெனவே பார்த்தவன் வந்தால்தான் கண்டுபிடிப்பான். அவன் எதற்கு அயனம்பாக்கம் ஏரிக்கரைக்கு வரப்போகிறான்? நானும் கண்டுகொள்ளாமல்தான் இருந்தேன்.

இப்போது எங்கள் தியேட்டரில் ஓடுகிற படத்தில் ஒரு காட்சி உண்டு. ஒரு கிழவர் ரயில்வே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பார். மகன் வர வேண்டும், வர மாட்டான். வசனம் கிடையாது, வாத்தியம் கிடையாது. பக்கத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எத்தனையோ படம் ஓட்டியிருக்கிறேன், ஐயா. அந்தச் சொட்டுச் சத்தத்தில்தான் முதல் தடவையாக எனக்குக் கண் கலங்கியது. வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்தில் அதைப் பார்த்தேன். இரண்டாவது ஆட்டத்தில் அது இல்லை.

மேஜைக்குக் கீழே குப்பை டின்னில் சுருண்டு கிடந்தது. திரும்ப ஒட்டிவிடு என்று பிரகாசத்திடம் தன்மையாகத்தான் கேட்டேன். அவன் சிரித்தான்.

"அதுல இன்னா கீது அண்ணாத்தே? ஒரு கெய்வன் குந்திகினு கீறான், கொயா சொட்டுது. ஜனங்க பீடி வலிக்க எய்ந்து பூடறாங்கோ. நான் பஸ்ஸ உட்டா ரோஸி ராவெல்லாம் தனியா கெடப்பா."

மேனேஜர் ஜம்புலிங்கத்திடம் போய்ச் சொன்னேன். அவரும் சிரித்தார். சனிக்கிழமை மறுபடி பிரகாசத்திடம் கேட்டேன். அவன் விசிலடித்துக்கொண்டே படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டான். அன்று எனக்கு மனசு மிகவும் வலித்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே வந்து அந்தத் துண்டை எடுத்து, துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் யோசனை வந்தது. முதல் ஆட்டத்தில் இதைப் பார்த்தான் என்றால் இரண்டாவது ஆட்டத்துக்குள் திரும்ப வெட்டிவிடுவான். நான் ஒட்ட, அவன் வெட்ட, பிலிம் எத்தனை தடவை தாங்கும்? எப்படி யோசித்தாலும் அவன் அங்கே இருக்கிற வரைக்கும் அந்தக் காட்சிக்குப் பாதுகாப்பு இல்லை என்றுதான் முடிந்தது.

எங்கள் மிஷினில் இருப்பது ஸெனான் பல்பு. உள்ளே வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். எரிந்த சூட்டோடு ஸ்பேனர் வைத்தால் துப்பாக்கி மாதிரி வெடிக்கும். அணைத்த பிறகு ஃபேனை ஓடவிட்டு, நன்றாக ஆறிய பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். ஆறிவிட்டதா என்பதை அணைத்தவன்தான் சொல்ல வேண்டும். அவன் "ஆறிடுச்சு" என்று சொல்லிவிட்டால் மற்றவன் மேற்கொண்டு கேட்க மாட்டான். அந்த நம்பிக்கை இல்லாமல் ஆப்பரேட்டர் ரூமில் இரண்டு பேர் வேலை செய்ய முடியாது.

அன்று பிரகாசம் முதல் ஆட்டத்தின் இடைவேளைக்குப் பிறகுதான் வந்தான். அதற்குச் சற்று முன்புதான் முதல் மிஷினில் ரீல் முடிந்து இரண்டாவதுக்கு மாற்றியிருந்தேன். முதல் மிஷின் பல்பை அணைத்து, ஃபேனையும் நிறுத்தி வைத்திருந்தேன். மேட்னியிலிருந்தே இந்தப் பல்பு எரியவில்லை, ஒற்றை மிஷினில்தான் சமாளிக்கிறேன், புதுசு மாற்றிவிடு என்றேன். மே மாதம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அந்த ரூமில் எதைத் தொட்டாலும் சுடும், தொட்டுப் பார்த்து ஒன்றும் தெரியாது. முகமூடி ஆணியில் தொங்கியது. ஆறின பல்புக்கு யாரும் அதை மாட்டுவதில்லை.

அன்று நல்ல குஷியில் இருந்தான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டே பேசினான்.

"ரோஸிய ஆவடில அவங்க அம்மா ஊட்ல உட்டுட்டு வரேன் அண்ணாத்தே. இனிமே பஸ் கவல இல்ல. உன் கெய்வன நீயே ஒட்டிக்கோ, நான் கை வெக்க மாட்டேன்."

பிறகு, "ஆறிச்சா?" என்று கேட்டான்.

"ஆறிடுச்சு" என்றேன்.

நீங்கள் கேட்கப்போவது புரிகிறது. அவன்தான் விட்டுக்கொடுத்துவிட்டானே என்பீர்கள். மனுஷன் குஷியில் ஆயிரம் சொல்வான், ஐயா. பிள்ளை பிறந்து ரோஸி வீட்டுக்கு வந்துவிட்டால் மறுபடியும் பஸ், மறுபடியும் கத்தரி. தவிரவும் நான் எல்லா ஏற்பாட்டையும் செய்து முடித்திருந்தேன்.

வெடித்த சத்தம் கீழேயும் கேட்டிருக்கும். யாரோ பட்டாசு கொளுத்திப் போட்டதாக நினைத்து ஒரு விசில் வந்தது, அடங்கிவிட்டது. பிரகாசம் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். கண்ணிலும் கழுத்திலும் பல்பின் கண்ணாடிச் சில்லு. கையால் கழுத்தை அழுத்திக்கொண்டு, "கீய தூக்கினு போ அண்ணாத்தே" என்றான். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. உடனே தூக்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாக நீங்களே காலையில் சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் ரீல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற ரீலை விட்டுவிட்டு ஆப்பரேட்டர் எழுந்து போகக் கூடாது.

அதுவும் அந்த ரீலில்தான் கிழவர் வருகிறார். பிளாட்பாரம் வந்தது, குழாய் வந்தது. பிரகாசம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததில் சொட்டுச் சத்தம் சரியாகக் காதில் விழவில்லை. ரூமுக்குள் இருக்கும் ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். கீழே ஒருவன்கூட பீடிக்கு எழுந்து போகவில்லை, அதைக் கண்ணாடி ஓட்டை வழியாக நானே பார்த்தேன்.

காட்சி பாதி வரும்போது பிரகாசம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். கடைசியில் அவனுக்கும் அது பிடித்துப்போய்விட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, ஐயா.