எண்பத்தாறாம் நாளின் வெட்டு

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, நல்லது. இந்தத் தகரக் கூரையில் அது விழத் தொடங்கினால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. பிறகு நீங்கள் தவறாக எழுதிக்கொள்வீர்கள். தவறாக எழுதப்பட்டதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன், சார்ஜென்ட்.

விபத்து அறிக்கையில் ‘குரல் கொடுக்கப்படவில்லை; வெட்டுபவரின் கை தவறியது’ என்று இருக்கிறது. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏஞ்சலோவின் வாழைத் தோட்டத்துக்கு வந்தேன். இருபத்திரண்டு வருடமாக வெட்டுகிறேன். என் கை தவறியதில்லை.

குலை இறக்குவது இரண்டு பேர் வேலை. ஒருவர் தோளில் மெத்தைப் பட்டையைப் போட்டுக்கொண்டு குலைக்கு அடியில் குனிந்து நிற்பார். மற்றவர் தண்டில் ஒரு வெட்டு வைப்பார். வெட்டு அளவாக இருந்தால் மரம் மெதுவாகச் சாய்ந்து, குலை தோளில் வந்து உட்காரும். பிறகு காம்பை நறுக்கினால் அவர் டிரெய்லருக்குத் தூக்கிப் போவார். அறுபது கிலோ இருக்கும். வெட்டு ஆழமாகிவிட்டால் மரம் முறிந்து அறுபது கிலோவும் ஒரேயடியாக இறங்கும். நிற்பவருக்குக் கத்தி தெரியாது. அதனால் அவர் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் கத்தி வைக்க வேண்டும்.

எனக்குக் கீழே நிற்பவர்கள் எல்லாரும் ஊர் சுற்ற வந்த பிள்ளைகள். படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டாம் வருடமும் இந்த நாட்டில் தங்க வேண்டுமானால் எண்பத்தெட்டு நாள் தோட்ட வேலை செய்ததாகக் காட்ட வேண்டும். வெட்டுக் கூட்டத்துக்கு நான்தான் பொறுப்பு என்பதால் அந்தத் தாளில் கையெழுத்தும் நான்தான் போடுவேன்.

ஃபிண்டன் அயர்லாந்துக்காரன். வந்த முதல் நாளே குலைக்குள்ளிருந்து ஒரு எலி அவன் சட்டைக்குள் இறங்கியது. அவன் குலையைப் போடவில்லை. டிரெய்லர் வரை நடந்து, பத்திரமாக வைத்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினான்.

“கேப்டன், இந்த எலிக்குத் தனியா டிக்கெட் வாங்கணுமா, இல்ல விசாவோட சேர்த்தியா?” என்றான்.

“பேசாம நட” என்றேன்.

“அப்பாடா, வாய் இருக்கு. காலையிலேர்ந்து ஊமைன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

டிராக்டரில் இருந்த ஏஞ்சலோ சிரித்தார். “தம்பி, ரோவீனா வருஷத்துக்கு ஒரு தடவதான் பேசுவா. இந்த வருஷத்துக்கு முடிஞ்சுது, போ.”

நல்ல பையன். தேநீர் இடைவேளையில் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு வருவான். மூன்றாம் வாரத்திலிருந்து அவன் ‘சரி’ சொல்வதை விட்டுவிட்டான். பழகிய ஜோடிகள் எல்லாரும் இங்கே அப்படித்தான். மூச்சு விடுவதிலேயே தெரிந்துவிடும் என்பார்கள். ஏஞ்சலோ திட்டுவார். யாரும் கேட்பதில்லை. உங்கள் அதிகாரி அதைத்தான் காரணமாகப் பிடித்துக்கொண்டார்.

எண்பத்தைந்தாம் நாள், தேநீர் குடிக்கும்போது அவன் சொன்னான்: “இன்னும் மூணே நாள், கேப்டன். வேன் வாங்கியாச்சு. மேற்குக் கரை முழுக்கச் சுத்தப் போறேன். அடுத்த வருஷமும் இங்கதான்.”

“இங்கயா?”

“இந்த நாட்டுலன்னு சொன்னேன். இந்தத் தோட்டத்துலயா? எனக்கென்ன கிறுக்கா?” சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். “தப்பா நெனக்காதீங்க. என் வாழ்க்கையிலயே மோசமான எண்பத்தஞ்சு நாள் இது. ஆனா ஊர்ல போய்ச் சொன்னா வாயப் பொளந்துட்டுக் கேப்பாங்க. நீங்கல்லாம் எப்படித்தான் இங்கயே கெடக்கறீங்களோ. உங்களப் பத்தியும் சொல்லுவேன், கவலப்படாதீங்க.”

நான் கோபப்படவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் இருபத்திரண்டு வருடத்துக்கு யாரும் கையெழுத்துப் போட்டு என்னை வேறெங்கும் அனுப்பவில்லை, அவ்வளவுதான். அவன் ஊருக்குப் போய்ச் சொல்லும் கதையில் மழை வரும், எலி வரும், நானும் வருவேன். எலிக்கு முன்பா பின்பா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

அவனுக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரன் இருந்தான். அவனுடைய எண்பதாவது நாளில், அவன் நடக்கும் தடத்தில் ஒரு வாழைக்கன்றைக் கூராகச் சீவி விட்டிருந்தேன். சேற்றில் சறுக்கி விழுந்தான், கால் போயிற்று. அவனுடைய கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறது. முடிந்தால் அதையும் திருத்திக்கொள்ளுங்கள். அவன் அழுதுகொண்டே விமானம் ஏறினான். எனக்கு அதில் ஒரு நிறைவும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் போகிறவர்கள் போய்விடுகிறார்கள்.

எண்பத்தாறாம் நாள் காலையில், வரிசையிலேயே பெரிய குலையாகப் பார்த்து நிறுத்தினேன். அவன் அடியில் போய்க் குனிந்தான்.

“குரல் குடு” என்றேன்.

“இன்னிக்கென்ன புதுசா?”

“குடு.”

“சரி கேப்டன், சரி, சரி. மூணு தடவ சொல்லிட்டேன், போதுமா?”

அதன் பிறகுதான் கத்தி வைத்தேன். தண்டில் முக்கால் பங்கு, ஒரே வீச்சு. எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று நினைத்தேனோ அவ்வளவே போனது. ஆகவே குரல் கொடுக்கப்பட்டது, கை தவறவில்லை. இரண்டையும் திருத்துங்கள்.

அவன் கத்தவில்லை. முகம் சேற்றில் பக்கவாட்டாக இருந்தது. “கேப்டன், என் காலு எங்க இருக்கு?” என்று கேட்டான். குலையை அவன் மேலிருந்து நகர்த்தி வைத்தேன். நசுங்கினால் பெட்டிக்கு ஆகாது. பிறகு ஏஞ்சலோவைக் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் கழித்து என்கிறீர்களா? அந்த வரிசையில் பழுத்துவிடும் நிலையில் இன்னும் நான்கு குலைகள் இருந்தன. அவற்றை இறக்கிவிட்டுப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்கிறார்கள். இப்போதைக்கு விமானத்தில் கொண்டுபோகவும் முடியாதாம். அவனுடைய அம்மா வந்திருந்தார். தாளை அவரிடம் கொடுத்தேன். உண்மையில் எண்பத்தாறுதான் ஆகிறது. நான் எண்பத்தெட்டு என்று போட்டுக் கையெழுத்திட்டிருந்தேன். வேலை செய்யாத நாளை நான் யாருக்கும் கொடுத்ததே இல்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவன் உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லுவான்” என்று அழுதார்.

இரண்டாம் வருடம் அவனுக்குக் கிடைத்துவிடும். ஞாயிறுதோறும் போய் அவனுக்குத் தோட்டத்துச் சேதி சொல்லலாம் என்றிருக்கிறேன். எனக்கு யாரிடமும் பேச வராது, அவனிடம் வரும். நாங்கள் நல்ல ஜோடி. அன்று நான் கட்டிலருகே போய் நின்றதும் அவன் கண்களை இறுக்கி மூடிக்கொண்டான், நான் கிளம்பும்வரை திறக்கவில்லை. மருந்துக் களைப்பு.