மூன்றாம் ஓலை

யூனிஸ்: நாளைக்கு எங்க அக்காவோட கல்யாண ஓலையை வாசிக்கக் கூடாது. ஐயாவைக் கூப்பிடுங்கம்மா, அவர்கிட்டயே சொல்லணும்.

லீதியாள்: ஏய், மெதுவா! போதகர் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு கேக்கற கேள்வியா இது? ரெண்டு ஞாயிறு கோயில்ல பேர் வாசிச்சாச்சு. யாராவது தடை சொன்னாங்களா? நாளைக்கு மூணாவது ஓலை, புதன்கிழமை கல்யாணம்.

யூனிஸ்: இதை மட்டும் போய்க் கேக்காதேன்னு எங்கப்பா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாரு. கேட்டுட்டேன். கூப்பிடுங்க.

லீதியாள்: ஐயா இல்ல.

யூனிஸ்: எங்க போயிருக்காரு?

லீதியாள்: வீடு சந்திக்கத்தான். வேற எங்க போவாரு? விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஜெபம். அப்புறம் சைக்கிளை எடுத்தாருன்னா இரும்புலியூர், பெருங்களத்தூர்னு ஒரு வீடு விடமாட்டாரு. மத்தியானம் ஆஸ்பத்திரி, படுத்துக் கிடக்கிறவங்களுக்கு ஜெபம். ஒரு வாய் சோறு ஒழுங்காத் திங்க நேரமில்ல அந்த மனுஷனுக்கு.

யூனிஸ்: சைக்கிள்லயா போனாரு?

லீதியாள்: ஆமா.

யூனிஸ்: அப்ப இது யார் சைக்கிள்? ரெண்டு டயர்லயும் காத்தே இல்ல. சீட்டு மேல கோழி உக்காந்திருக்கு.

லீதியாள்: ...பஸ்ல போனாரு.

யூனிஸ்: மேஜை மேல மூக்குக்கண்ணாடி இருக்கு. அது இல்லாம ஆஸ்பத்திரில எப்படி வேதம் வாசிப்பாரு?

லீதியாள்: நாலெழுத்து படிச்சிட்டா போலீஸ்காரன் மாதிரி பேசறதா? உங்க வீட்லயே காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நீ. சீட்டு வாங்கிக் குடுத்தது யாரு?

யூனிஸ்: ஐயாதான். மறக்கல. அதான் நேர்ல வந்து கேக்கறேன்... உள்ள யாரு இருமறது?

லீதியாள்: பூனை.

யூனிஸ்: பூனைக்கு நிறைய தைலம் தடவியிருக்கீங்க போல. வாசனை வாசல் வரைக்கும் வருது.

லீதியாள்: விளையாடாதே யூனிஸ். அங்க கேட் பக்கம் பாரு... ஒரு மோட்டார் சைக்கிள் நிக்குதா?

யூனிஸ்: நிக்குது. மாப்பிள்ளை எலியேசரோட சித்தப்பா பையன். ஸ்டேஷன் ரோட்லேர்ந்து என் பின்னாடியேதான் வந்தான்.

லீதியாள்: தெரிஞ்சும் கத்தறியே!

யூனிஸ்: எனக்கும் பயந்தாம்மா. மெதுவா பேசினா அழுதுடுவேன். ரோசலின் அக்காவும் கத்தியிருப்பாங்கல்ல? அது யார் காதுலயும் விழல.

லீதியாள்: அந்தப் பேரை எடுக்காதே. எலியேசரோட முதல் பொண்டாட்டிக்கு விதி முடிஞ்சுது. ஸ்டவ் வெடிச்சுது. அவ்வளவுதான்.

யூனிஸ்: என்னிக்கு வெடிச்சுது?

லீதியாள்: போன வருஷம்...

யூனிஸ்: என்ன கிழமை? சொல்லுங்க. பெரிய வெள்ளிக்கிழமை! நாமெல்லாம் கோயில்ல பன்னண்டுலேர்ந்து மூணு வரைக்கும் மும்மணி ஆராதனையில இருந்தோம். ஐயா பிரசங்கம் பண்ணிக்கிட்டு இருக்கறப்பதான் ஆள் ஓடி வந்துது. அவளுக்குக் காய்ச்சல், வீட்லயே இருக்கட்டும்னு எலியேசர் நிறுத்தி வச்சாராம்.

லீதியாள்: அதுக்கு?

யூனிஸ்: மூணு மணி வரைக்கும் நம்ம சனம் பச்சத் தண்ணிகூட குடிக்காது. அன்னிக்கு யார் வீட்ல அடுப்பு எரியும்? ரோசலின் அக்கா யாருக்கு, என்னத்தைச் சமைச்சாங்க? சபையில இருக்கற அத்தனை பேருக்கும் இது தெரியும். ஒருத்தர் வாயத் திறக்கல.

லீதியாள்: எலியேசர் யார் பையன்? சபைக் கமிட்டி செயலாளர் சாலமோன் பையன். உங்கப்பாவே அவர் கம்பெனி வாட்ச்மேன்தானே? நீங்க குடியிருக்கறது அவர் வீடுதானே?

யூனிஸ்: அதனாலதான் பொண்ணு கேட்டப்ப எங்கப்பாவுக்கு வேணாம்னு சொல்ல வாய் வரல. சரி, கோயிலாவது கேக்க வேணாமா? முன்ன இருந்த ஐயா, எங்கம்மாவுக்கு ஓலை எழுதறப்ப எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, 'சம்மதமா, இல்ல பயந்துக்கிட்டு சொல்றியா'ன்னு கேட்டாராம். மாப்பிள்ளை தெருவுக்கே போய் அக்கம்பக்கத்துல விசாரிப்பாராம். எங்கக்காவை யார் கேட்டாங்க? ஸ்டவ்வுக்கு பம்ப் அடிக்கக்கூட அவளுக்குக் கை வரமாட்டேங்குது.

லீதியாள்: இவரும் அப்படி இருந்தவர்தாண்டி.

யூனிஸ்: இருந்தவர்னா?

லீதியாள்: ஆஸ்பத்திரில கடைசி மூச்சு வரைக்கும் ரோசலின் பக்கத்துல இருந்தது இவர் ஒருத்தர்தான். வந்தாரு, சைக்கிளைச் சுவத்துல சாத்தினாரு. அதோட சரி. ஞாயித்துக்கிழமை கோயில், மத்த நாளெல்லாம் அந்த ரூம். யார் தேடி வந்தாலும் அவரோட பழைய நாளைச் சொல்லி அனுப்பிடுவேன்... இரும்புலியூர், பெருங்களத்தூர்னு.

யூனிஸ்: ரோசலின் அக்கா அவர்கிட்ட என்ன சொன்னாங்க?

லீதியாள்: எங்கிட்டயே சொல்லல. அடக்கம் முடிஞ்ச அன்னிக்கு சாலமோன் வந்தாரு. காபி குடிச்சாரு. 'உங்க பையன் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல படியில நின்னுக்கிட்டுப் போறானே, கூட்டத்துல யாராவது இடிச்சிட்டா?'ன்னு சிரிச்சிக்கிட்டே கேட்டாரு. எனக்கு ஒரே பையன் யூனிஸ்.

யூனிஸ்: எனக்கும் ஒரே அக்காம்மா.

போதகர்: லீதியா... அந்தப் பொண்ணைப் போகச் சொல்லு.

யூனிஸ்: பூனை பேசுது.

போதகர்: நாளைக்கும் நான் வாசிக்கப்போறதில்ல. முதல் ரெண்டு ஓலை மாதிரி இதையும் எனக்குத் துணையா இருக்கற உபதேசியார் வாசிக்கட்டும். எனக்கு... உடம்பு முடியல.

லீதியாள்: கேட்டல்ல? போம்மா... இரு, இரு, செருப்பை மாட்டாதே. உன் மூஞ்சியே சரியில்ல. என்ன பண்ணப்போற?

யூனிஸ்: பண்ணியாச்சு. ஐயா, கதவுக்கிட்ட வாங்க, இதை மட்டும் மெதுவா சொல்றேன். உபதேசியார் நாளைக்கு இருக்கமாட்டாரு. 'அந்த ஓலை இனிமே என் வாயால வேணாம்'னு செங்கல்பட்டுக்கு மக வீட்டுக்குப் போயிட்டாரு. நீங்கதான் வாசிக்கணும். 'யாருக்காவது தடை உண்டா'ன்னு நீங்கதான் கேக்கணும். நான் எழுந்து நிப்பேன். என் பக்கத்துல ரோசலின் அக்காவோட அம்மா நிப்பாங்க. நேத்துலேர்ந்து எங்க வீட்லதான் இருக்காங்க. கும்பிட்டுத் தடுத்த எங்கப்பாதான் அவங்களுக்குப் பாய் விரிச்சாரு. உங்களுக்கும் சொல்ல ஏதாவது இருந்தா அப்ப சொல்லுங்க, இல்லன்னா ரூமுக்கே போயிடுங்க. வர்றேம்மா. கேட்டை நானே சாத்திக்கறேன்.