துருப்பிடித்த வாஷர்

அன்றைக்கு உங்களுக்குக் கொடுத்த காப்பியில் சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது, தாரிக் தம்பி. ஒரு டம்ளருக்கு மட்டும் போட்டுப் பழகிய கை. நீங்கள் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, கிளம்பும்போது ஒன்று கேட்டீர்கள்.

"எல்லாம் புது போல்ட்டா இருக்குதும்மா. இந்த ஒரு வாஷர் மட்டும் எப்படிப் பழசா வந்துச்சு?"

எனக்குப் பேச்சைவிட எழுத்து சுலபம். அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் தனபாலும் நானும் கருமத்தம்பட்டியில் முப்பத்தாறு வருடம் தறி ஓட்டினோம். வீட்டுக்குப் பின்னாலேயே பன்னிரண்டு தறிகள். அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது, எல்லாம் சைகைதான். நூல் அறுந்தால் இரண்டு விரல். சாப்பாடு என்றால் குவித்த கை. ஆள் வந்திருக்கிறது என்றால் வாசல் பக்கம் ஒரு தலையசைப்பு. நாங்கள் குடும்பம் நடத்தியதும் மகளை வளர்த்ததும் அப்படித்தான். பிறகு தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டோம். சத்தம் நின்றது, ஆனால் பேச்சு வரவில்லை. இரண்டாவது இட்லி வேண்டுமென்றால் அவர் அப்போதும் கையைத்தான் குவித்துக் காட்டுவார். அக்ஷயா கனடாவிலிருந்து கூப்பிட்டால், "அம்மாகிட்டப் பேசு கண்ணு" என்று போனை என்னிடம் தள்ளிவிட்டு, கார் நிற்கும் கொட்டகைக்குப் போய்விடுவார்.

அந்த அம்பாசிடர் அவர் அப்பா வாங்கியது. உங்களுக்கே தெரியும், அதற்கு அறுபது வயதுக்கு மேல். அவர் அதை மூன்று வருடமாகக் கழற்றித் துடைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் முள் மட்டும் சரியாகவில்லை. டேங்க் காலியாக இருந்தாலும் பாதிக்கு மேல் காட்டும். அதனால் டிக்கியில் ஒரு மூங்கில் குச்சி வைத்திருந்தார். கிளம்பும் முன் குச்சியை டேங்க்கில் விட்டு ஈரம் பார்ப்பார். கிணற்றில் தண்ணீர் பார்ப்பதுபோல.

போன வருடம் சித்திரையில், முள்ளைச் சரிசெய்தே தீருவதென்று உட்கார்ந்தார். முள் முன்னால் இருக்கிறது, டேங்க் பின்னால் இருக்கிறது. ஒருவரால் ஆகாத வேலை. என்னைக் கூப்பிட்டார்.

நான் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். அவர் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு, தறி ஓடுகிற நினைப்பில் கத்தினார்.

"அம்மணி, இப்ப எங்க நிக்குது?"

"பாதிக்கு மேலங்க."

"வயரக் கழட்டிட்டேன். இப்ப?"

"நெறஞ்சுபோச்சுங்க."

"வயர வண்டி பாடில தொட்டுருக்கறேன். இப்ப?"

"அடியில உளுந்துபோச்சுங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு. கண்ணாடி போட்டிருக்கறயா?"

"முப்பத்தாறு வருசமா உங்க மூஞ்சியப் படிக்கறனுங்க. இந்த முள்ளு என்ன பெருசு?"

டிக்கிக்குள்ளிருந்து அவர் சிரித்த சத்தம் வந்தது. அவர் சிரித்தால் அப்படி ஒரு சத்தம் வருமென்று எனக்குத் தெரியாது. தறிக்கூடத்தில் பல் தெரிவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நான்கு நாள் ஆனது. முள் நல்லது, வயர் நல்லது என்று ஆன பிறகு, டேங்க்குக்குள் பெட்ரோல் அளவு காட்டும் மிதவையைக் கையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் கணக்குச் சொன்னேன். நடுவே எத்தனையோ பேச்சு: அவர் அப்பாவைப் பற்றி, எனக்குப் பிறக்காமல் போன முதல் பிள்ளையைப் பற்றிக்கூட. நான்காம் நாள், டேங்க்கின் எர்த் வயரை வண்டியின் உடம்போடு சேர்க்கும் திருகாணிக்கு அடியில் துருவேறிய ஒரு வாஷரை எடுத்தார். துரு இருந்தால் கரண்ட் சரியாகத் திரும்பாதாம். முள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டுமாம்.

"இதா, இதுதான் குத்தவாளி" என்று என் உள்ளங்கையில் வைத்தார். நான் அதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். அவர் குச்சியைத் தூக்கி எறிந்தார்.

அடுத்த நாள் காலை இரண்டாவது இட்லிக்குக் கையைக் குவித்தார்.

நான் அவசரப்படவில்லை. இரண்டு மாதம் பார்த்தேன். பிறகு ஒருநாள் டேங்க்கிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டேன். முள் உச்சியில் போய் அசையாமல் நின்றது. அவர் தனியாகவே போய், "வயரு கழண்டிருந்துச்சு, மாட்டிப்போட்டேன்" என்று கை கழுவ வந்தார். ஐந்து நிமிட வேலை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. செத்துப்போன முள்ளை யாரும் நம்புவதில்லை. உடனே போய்ப் பார்ப்பார்கள். பொய் சொல்லும் முள்ளுக்குத்தான் நான்கு நாள் ஆகும், இரண்டு ஆள் வேண்டும்.

அவர் தூங்கிய ஒரு மத்தியானம் டப்பாவிலிருந்து வாஷரை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்து முறுக்கினேன். அவர் கற்றுக்கொடுத்த வேலைதான். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனாலும் மேலே எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. குச்சியை அவர் எறியவில்லை. டிக்கியில்தான் வைத்திருந்தார். வாஷரை மாட்டிய அன்று, தண்ணீர் காயவைக்கும் அடுப்பில் அந்தக் குச்சியை வைத்து எரித்தவள் நான். குச்சி இருந்தால் ஈரம் பார்த்துக் கிளம்பிவிடுவார், முள்ளைப் பிரித்துப் பார்க்க மாட்டார் என்று நினைத்தேன். குச்சி எங்கே என்று கேட்டார். "முள்ளுதான் நல்லாருக்குதுங்களே" என்றேன். அதுவும் சரிதான் என்றார்.

தொண்டாமுத்தூர் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. சுப்பண்ணன் என்பவர் பார்த்துக்கொள்கிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இவர் போய் வருவார். வாஷரை மாட்டிய சில நாளில் வந்த புதன்கிழமை, இவர் தோப்புக்குக் கிளம்பக் குளித்துக்கொண்டிருந்தபோது சுப்பண்ணன் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, ரெண்டு நாளா ஒத்தை ஆனை எறங்கிட்டு இருக்குதுங்க. அண்ணன இன்னிக்கு வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

சரிங்க என்றேன். இவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டார். போகாவிட்டால் வண்டி நிற்காது. நின்றால்தானே முள்ளில் கோளாறு என்று தெரியும்.

சாயங்காலம் ஆறரைக்கு அவர் போன் வந்தது. தோப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டரில் வண்டி நின்றுவிட்டதாம்.

"முள்ளு முக்கால்ல நிக்குது அம்மணி. வண்டி மூச்ச உட்டுருச்சு. மறுபடியும் பிரிச்சுப் பாக்கோணும். நீ நாளைக்கு எங்கயும் போயறாத."

"நான் எங்கீங்க போறேன்?"

"நடந்து போயி ரெண்டு லிட்டர் வாங்கிட்டு வாரேன்."

வண்டியிலேயே இருங்கள், சுப்பண்ணனை வரச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் குரலில் அந்த நான்கு நாட்களும் இருந்தன. அதைக் குறுக்கே வெட்ட மனம் வரவில்லை. போனை வைத்துவிட்டு, வரும் நாட்களுக்கென்று இரண்டு டம்ளர் அரிசி கூடுதலாக ஊறப்போட்டேன். இட்லி போதாமல் போய்விடக் கூடாதல்லவா.

மற்றதெல்லாம் பேப்பரில் வந்தது. காட்டு யானை தாக்கியதில் முதியவர் பலி. நான்கு வரி. காரைக் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டார்கள். பெட்ரோல் ஏன் தீர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. யானையிடம் யார் கேட்பார்கள்? துக்கத்துக்கு வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு நிறையப் பேசினார்கள். பதினாறாம் நாளோடு அதுவும் நின்றது.

பிறகு நீங்கள் வந்தீர்கள். வண்டியை விலைக்குப் பேசி முடித்தீர்கள். உக்கடத்தில் உங்கள் வீட்டில் நிறுத்த இடம் ஆகும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றீர்கள். முள் சரியில்லை என்று பார்த்ததும் டிக்கியைத் திறந்துகொண்டு, "அம்மா, செத்த முன்னால உக்காந்து சொல்றீங்களா?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு அது ஒரு நாள் வேலை. கெட்டிக்காரர். போகும்போது வாஷரை என் கையில் கொடுத்தீர்கள். டப்பாவில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு, மனைவியையும் மகன் ஆசிப்பையும் வால்பாறைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னீர்கள். நல்ல ஊர். நானும் அவரும் போனதில்லை. குச்சி ஒன்று வெட்டி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டீர்கள். முள்தான் சரியாகிவிட்டதே, எதற்கு என்றேன்.

இந்தக் கடிதத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் தபாலில் போடுவேன். திங்களோ செவ்வாயோ கிடைக்கும். உங்களிடம் எதையும் மறைத்ததாக இருக்கக் கூடாது, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். பிஸ்கட் டப்பா இப்போது காலியாக இருக்கிறது.

நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை. மலைப்பாதையில் எங்காவது வண்டி நின்றால் பதறாமல் என்னைக் கூப்பிடுங்கள், தம்பி. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.