சுக்கான் யார் கையில்

– நூத்தி முப்பத்தாறு, நூத்தி முப்பத்தேழு...

– மொய்ரா, டீ போடட்டுமா?

– நூத்தி முப்பத்... யோவ் டெரிக்! எண்ணும்போது பேசாதன்னு எத்தனை தடவை சொல்றது? இப்போ எத்தனையில விட்டேன்?

– எதுக்கு எண்ணணும்? மதகுக் கதவு முழுசா மேல ஏறிட்டா தானா தெரியப்போகுது.

– எண்ணினாத்தான் எனக்குக் கை ஓடும். நீ ஒருநாள் கதவைத் தூக்குற இந்தச் சக்கரத்தைப் பிடிச்சுப் பாரு, தெரியும். நம்ம படகு உள்ள வந்ததும் கதவை இறக்குனேன். இப்போ தண்ணி நிரம்பி நாம மேல ஏறி வெளிய வந்தாச்சு, மறுபடியும் அதை ஏத்தி வெக்கணும். எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ!

– இந்த நீன் ஆத்துல அதுதானே முறை, தாயே. கதவைத் தூக்கி வெச்சுட்டுத்தான் போகணும்.

– நீ முறையைப் பத்திப் பேசாத. பீட்டர்பரோவுல கிளம்பினதுல இருந்து இருபது மதகுக்கு மேல தாண்டியாச்சு. ஒண்ணுக்காவது நீ படகை விட்டு இறங்கினியா?

– எல்லாப் படகுலயும் அப்படித்தானே நடக்குது? ஆம்பளை சுக்கான் பிடிப்பான், பொம்பளை மதகைப் பார்த்துக்குவா.

– நானும்தான் பார்க்குறேனே. தொப்பி போட்ட ஒரு தொந்தி படகுக்குப் பின்னாடி ராஜா மாதிரி நிக்குது. கரையில ஒருத்தி நாக்குத் தள்ளி நிக்கிறா. போறபோக்குல அந்தத் தொந்தி அவளுக்கு யோசனை வேற சொல்லுது. நூத்தி... ம்ம்... முடிஞ்சுது. வர்றேன். கயித்தை அவிழ்த்துட்டு ஏறிக்கிறேன்.

– பார்த்து ஏறு.

– என்னைப் பார்க்காத, முன்னாடி பாரு. கிளப்பு. வலது பக்கம் தடுப்பணை இருக்கு, தண்ணி இழுக்கும். இடது ஓரமா வா. இன்னும் இடது. ஆ, அப்படியே போ.

– டீ போடலையே இன்னும்.

– டீ கிடக்கட்டும்யா. என் தோள்பட்டை பழுத்துப் போய்க் கிடக்கு. ராத்திரி புரண்டு படுக்க முடியல. உனக்கு டீ ஒண்ணுதான் குறைச்சல்.

– வலி களிம்பு தடவி விடட்டுமா?

– முதல்ல ஆத்தைப் பாரு! முன்னாடி தூண்டில்காரன் உக்காந்திருக்கான். கம்பு பாதி ஆத்துக்கு நீட்டிக்கிட்டிருக்கு. வலது பக்கம் ஒதுங்கு. வலது! வலதுன்னு சொல்றேன்ல!

– ஒதுங்குறேன், ஒதுங்குறேன்.

– யோவ், படகுக்காரா! என் தூண்டிலு! ஒடிச்சுட்டுப் போறியே! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?

– மன்னிச்சுக்கோங்க சார்! வெயில் கண்ணுல அடிச்சிருச்சு!

– வெயில் உன் முதுகுலதான்யா அடிக்குது! வந்து சேர்றானுங்க பாரு கோடை வந்தா!

– டெரிக், அந்த ஆளு சொன்னது நியாயம்தானே? காலை வெயில் நமக்குப் பின்னாடிதான் இருக்கு.

– தண்ணியில பட்டுத் திரும்பி அடிச்சுது.

– போன வாரம் பாலத்துல இடிச்சப்போ மரநிழல்னு சொன்ன. முந்தாநேத்து மதகுச் சுவத்துல மோதி என் டீக்கெண்டி உடைஞ்சுதே, அதுக்குக் காத்துன்னு சொன்ன. அன்னைக்குக் காத்தே இல்ல. துவைச்ச துணி சாயங்காலம் வரைக்கும் ஈரமா தொங்குச்சு.

– அறுபதடி நீளம், ஏழடி அகலம். இது என்ன பஸ்ஸா, நினைச்ச இடத்துல நிறுத்த?

– பஸ் பேச்சை நீயே எடுத்துட்டியா, நல்லதாப் போச்சு. இருபத்திரெண்டு வருஷம் கெட்டரிங் ஊருக்குள்ள மாடி பஸ் ஓட்டினவ நான். சனிக்கிழமை கூட்டத்துல ஓட்டியிருக்கேன், பனியில ஓட்டியிருக்கேன். ஒரு கீறல் விழுந்திருக்குமா? நீ டெலிபோன் கம்பத்துல ஏறி இறங்கினவன். உன் கையில சுக்கான், என் கையில சக்கரக் கைப்பிடி. இது எந்த ஊரு நியாயம்?

– நியாயம் அநியாயம்னு ஏன் பேசுற? சும்மா ஜாலியாத்தானே கிளம்பினோம்.

– ஜாலியா? இந்தப் படகு யாரோட ஆசை? வாயைத் திறந்து சொல்லு.

– உன்னோடதுதான்.

– டிப்போவுல உக்காந்து, சாண்ட்விச் தின்னுக்கிட்டே படகுப் படமா பார்த்துப் பார்த்து வருஷத்தை ஓட்டினவ நான். என் ஆசைக்குத்தான் வீட்டையே வித்தோம். இப்போ என் ஆசைக்கு நானே கூலிக்காரி. சக்கரம் சுத்துறதும் நான், கயிறு கட்டுறதும் நான், கக்கூஸ் டப்பாவைத் தூக்கிட்டுப் போய்க் கொட்டுறதும் நான்.

– நேத்து டப்பா கொட்ட நானும் கூட வந்தேனே.

– கூட வந்த. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி. தூக்குனது யாரு?

– சரி தாயே, கோவிச்சுக்காத.

– கோவிச்சுக்கத்தான் போறேன். இடது பக்கம் திருப்பு, மரக்கிளை வருது. இடது! தலையைக் குனி! ம்ம். இங்க கேளு டெரிக். இன்னும் அரை மணியில அடுத்த மதகு. அங்க நான் சுக்கான் பிடிக்கிறேன், நீ இறங்கிப் போய் சக்கரம் சுத்துற. இல்லேன்னா வெலிங்பரோ துறையில இறங்கி, ரயிலேறி என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். நீயாச்சு, உன் படகாச்சு. விளையாட்டுக்குச் சொல்லல.

– ரெண்டு நாள் எங்கயாவது கட்டிப் போட்டுட்டு ஓய்வெடுப்போமே. தோள் சரியாயிடும்.

– எனக்கு ஓய்வு வேண்டாம், சுக்கான் வேணும்.

– அது மட்டும் முடியாது.

– ஏன் முடியாது?

– முடியாது, அவ்வளவுதான்.

– முப்பத்தெட்டு வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தினவ நான். என்கிட்டயே ‘அவ்வளவுதான்’னு சொல்ற, என்ன? பொம்பளை ஓட்டினா உன் கௌரவம் கப்பல் ஏறிடுமா? மத்த படகுக்காரனுங்க சிரிப்பானுங்கன்னு பயமா?

– அதெல்லாம் இல்ல.

– பிறகென்ன? நான் ஓட்டுறதுமேல நம்பிக்கை இல்லையா?

– உன்னைவிட நல்லா ஓட்ட இந்த ஆத்துல ஆளே கிடையாது. அது எனக்குத் தெரியாதா?

– அப்போ கையை எடு. தள்ளு. நான் பிடிக்கிறேன்.

– விடு மொய்ரா.

– நீ விடு!

– விட மாட்டேன்! விட்டா அடுத்த மதகுல நான்தானே இறங்கணும்? கதவு மேல இருக்கிற அந்தச் சின்னப் பலகையில நடந்து அக்கரைக்குப் போகணும். நேராத் தண்ணிக்குள்ள போயிடுவேன்.

– ஏன் போற? சின்னப் பசங்ககூட அதுல ஓடுதுங்க. பிடிச்சுக்கக் கம்பி இருக்கு.

– எனக்குத் தெரியல.

– என்ன தெரியல?

– பலகை தெரியல. கம்பி தெரியல. முன்னாடி என்ன வருதுன்னு தெரியல. இதோ, இவ்வளவு பக்கத்துல நிக்கிற, உன் மூஞ்சி தெரியல எனக்கு.

– என்ன உளர்ற?

– ஈஸ்டர் கழிஞ்சு பல் டாக்டர்கிட்ட போயிட்டு வர்றேன்னு போனேனே. பல்லுக்குப் போகல, கண்ணுக்குப் போனேன். ரெண்டு கண்ணுலயும் நடுவுல எல்லாம் அழிஞ்சு போச்சு. ஓரத்துல மட்டும் கரை பச்சையா ஓடுறது தெரியும். போனது போனதுதானாம். திரும்ப வராதாம்.

– படகுல இருக்கிறவனுக்குக் கார் எதுக்குன்னு சொல்லி வித்தியே, அது இதனாலதானா?

– ஆமா.

– அடப்பாவி மனுஷா! அன்னைக்கே என்கிட்ட சொல்றதுக்கென்ன?

– சொன்னா நீ என்ன பண்ணுவ? படகை வித்துடுவ. எனக்காக ஒரு சின்ன ஃபிளாட்டைப் பிடிச்சு, கையைப் பிடிச்சு நடத்திக்கிட்டு உக்காந்திருப்ப. இத்தனை வருஷமா ஆசைப்பட்டவ, ஒரு கோடையாவது முழுசா ஆத்துல இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன். தப்புதான். உன் தோள் இப்படிப் போகும்னு நினைக்கல.

– அப்போ... பீட்டர்பரோவுல இருந்து இத்தனை மதகு, இத்தனை பாலம்... எப்படிய்யா ஓட்டிட்டு வந்த?

– நீதான் கத்துவியே. இடதுன்னு கத்துவ, வலதுன்னு கத்துவ. எவ்வளவு கோபமா கத்துறியோ, அவ்வளவு கிட்டத்துல இருக்குன்னு கணக்கு.

– ...

– மொய்ரா, இப்போ போய்ப் பேசாம இருக்காத. படகு போயிட்டிருக்கு.